பதினேழு வயதில் எழுதும் உயில்

(கேரள எல்லையோர ஊரான முதலமடையில், பிளஸ் டூ முடித்துப் போகும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



நம் ஊரில் மாங்காய் சீசனும் செண்ட் ஆஃப் சீசனும் சேர்ந்தேதான் வரும். நாட்டின் பல பகுதிகளில் மாமரம் பூவும் பிஞ்சுமாக நிற்கிற நாளில் முதலமடைத் தோப்புகளில் காய் பறிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஜனவரி, பிப்ரவரியிலேயே அல்போன்சாவும் பங்கனபள்ளியும் சிந்தூரமும் பெட்டியில் அடைபட்டு வடக்கே லாரி ஏறுகின்றன. அதே நாட்களில்தான் பள்ளிக்கூடத்தில் செண்ட் ஆஃப். மார்ச்சில் பரீட்சை. பரீட்சை முடிந்தால் சிலர் பொள்ளாச்சி, கோவை. சிலர் சித்தூர், பாலக்காடு. சிலர் நேராக வேலைக்கு. ஏழெட்டு வருஷம் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் ஒரே வாரத்தில் திசைக்கு ஒருவராகப் போய்விடுகிறீர்கள், பிள்ளைகளே.

செண்ட் ஆஃப் அன்றைக்கு என்ன நடக்கிறது? பிளஸ் ஒன் பிள்ளைகள் காசு சேர்க்கிறார்கள். தோரணம் கட்டுகிறார்கள். பிரியாணியோ கேக்கோ வாங்குகிறார்கள். அண்ணன்மாரையும் அக்காமாரையும் புகழ்ந்து நாலு பேர் பேசுகிறார்கள். போகிறவர்கள் பதில் பேச எழுந்தால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பிறகு ஆட்டோகிராப், போட்டோ, சட்டை முழுக்க மை. எல்லாம் நல்ல காரியம்தான். ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள். அன்றைக்குக் கொடுப்பவர்கள் எல்லாம் இளையவர்கள், வாங்கிக்கொள்பவர்கள் எல்லாம் மூத்தவர்கள். போகிறவர்கள் இருக்கிறவர்களுக்கு எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதற்கு அந்த விழாவில் ஐந்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. கடைசி வகுப்புப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகும்முன் ஓர் உயில் எழுதுவார்கள். வக்கீல் வீட்டுப் பத்திரம் போலவே ஆரம்பிக்கும்: நல்ல புத்தியுடனும் உடல் நலத்துடனும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிவைப்பது என்னவென்றால். அதற்குப் பிறகு வருகிற சொத்துகளைப் பார்த்தால் சிரிப்பு தாங்காது. தினமும் தாமதமாக வந்து தினமும் புதுக் காரணம் சொல்லும் திறமை இன்ன பையனுக்கு. கணக்கு வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை இன்ன பெண்ணுக்கு. கால் உடைந்த கடைசி பெஞ்சின் மூலை இடம், அதன்மேல் செதுக்கிய பெயர்கள் உட்பட, இன்னாருக்கு. இப்படித் தங்கள் குணங்களை, பெரும்பாலும் குற்றங்களை, இளைய மாணவர்களுக்குப் பெயர் சொல்லி எழுதிவைப்பார்கள். விடைபெறும் நாளில் வகுப்பின் வரலாறு ஒருவர் வாசிப்பார், வகுப்பின் எதிர்காலத்தை ஒருவர் ஜோசியமாகச் சொல்வார், உயிலை ஒருவர் வாசிப்பார். ஆண்டு மலரிலும் பள்ளிப் பத்திரிகையின் கடைசி இதழிலும் அது அச்சாகும்.

இந்த இடத்தில் நம் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 59ஆம் பிரிவில், புத்தி தெளிவாக உள்ள, மைனர் அல்லாத எவரும் தம் சொத்தை உயில் மூலம் எழுதிவைக்கலாம் என்கிறது. 63ஆம் பிரிவு, குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது. மேஜர் ஆக 18 வயது முடிந்திருக்க வேண்டும். உங்களில் பலருக்குப் பதினேழு. சட்டத்தின் கண்ணில் உங்கள் உயில் செல்லாது. உங்களிடம் எழுதிவைக்க நிலமும் இல்லை, தோப்பும் இல்லை. ஆனால் ஏழெட்டு வருஷம் ஒரு கட்டடத்துக்குள் வளர்ந்ததில் சேர்ந்த சில பழக்கங்கள் இருக்கின்றன. சில பயங்களும் சில தந்திரங்களும் இருக்கின்றன. அவை முழுக்க முழுக்க உங்கள் சுயார்ஜிதம். அப்பா அம்மா கொடுத்தது இல்லை, சார் கொடுத்ததும் இல்லை. அவற்றை யாருக்குத் தருவது என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கு மட்டும்தான் உண்டு.

இது அமெரிக்கக்காரர் கண்டுபிடித்த வேடிக்கை என்று எண்ணிவிட வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் விளையாட்டு உயிலுக்கும் உள்ள உறவு ஆயிரத்து அறுநூறு வருஷப் பழக்கம். ரோமாபுரி அரசின் கடைசிக் காலத்தில், நாலாம் நூற்றாண்டு வாக்கில், லத்தீன் மொழியில் ஒரு பன்றிக்குட்டியின் உயில் வழங்கிவந்தது. எழுதியவர் யாரென்று தெரியாது. பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்: பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதைப் பாடம் செய்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். பெரிய ஞானி அதை மெச்சிச் சொல்லவில்லை, சலித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் சலித்துக்கொண்டதால் நமக்கு ஒரு செய்தி கிடைத்தது.

அந்த உயிலின் கதை இதுதான். சமையற்காரன் பன்றிக்குட்டியை அறுக்கக் கூப்பிடுகிறான். அது ஓடப் பார்க்கிறது, பிடிபடுகிறது. ஒரு மணி நேரம் கொடு, உயில் எழுதிவிடுகிறேன் என்று கெஞ்சுகிறது. தன் கையால் எழுத முடியாததால் வாயால் சொல்லி எழுதவைக்கிறது. அப்பன் பன்றிக்கு முப்பது மரக்கால் ஓக் கொட்டை. தாய்க்கும் தங்கைக்கும் தானியம். பிறகு உடம்பை உறுப்பு உறுப்பாகப் பங்கு வைக்கிறது: தோல் தைக்கிறவர்களுக்கு மயிர், செவிடர்களுக்குக் காது, வக்கீல்களுக்கும் வாயாடிகளுக்கும் நாக்கு, பையன்களுக்கு ஊதி விளையாட மூத்திரப்பை, பெண் பிள்ளைகளுக்கு வால், திருடர்களுக்குக் குளம்பு. ரோமச் சட்டப்படி ஏழு சாட்சிகள் வேண்டும். ஏழு பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். கொழுப்பு, சீரகம், பன்றி இறைச்சித் துண்டு என்று சமையல்கட்டுச் சாமான்களை நினைவூட்டும் பெயர்களை அவர்களுக்கு வைத்திருக்கிறார் எழுதியவர்.

பையன்கள் ஏன் அதைப் பாடம் செய்தார்கள்? பெரியவர்கள் முகத்தை இறுக்கிக்கொண்டு பேசும் சட்ட வாசகம் ஒரு பன்றிக்குட்டியின் வாயில் வருவது முதல் காரணம். இன்னொரு காரணமும் உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. சாகப்போகிற அந்தக் குட்டி யாரையும் திட்டவில்லை. சமையற்காரனைச் சபிக்கவில்லை. தன்னிடம் இருக்கும் ஒவ்வொன்றும் யாருக்குப் பயன்படும் என்று நிதானமாக யோசித்துக் கொடுக்கிறது. செவிடனுக்குக் காது என்பது சிரிக்கவைக்கும். கூடவே, அவனுக்கு எது இல்லை என்று அது பார்த்து வைத்திருக்கிறது என்பதும் தெரியும். இளையவனை அப்படி ஒரு தடவை உற்றுப் பார்க்காமல் அவனுக்கு உயில் எழுத முடியாது. பிறகும் இந்த விளையாட்டு தொடர்ந்தது: பிரெஞ்சுக் கவிஞன் வியோன் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவன். 1456இல் எழுதிய பாட்டில் முடி வெட்டுகிறவருக்குத் தன் தலையிலிருந்து வெட்டி விழுந்த முடியையே எழுதிவைத்தான், செருப்புத் தைப்பவருக்குப் பழைய செருப்பை. 1461இல் அதைவிடப் பெரிய உயில் ஒன்றையும் பாட்டாக எழுதினான். கையில் காசில்லாத மாணவன் எழுதும் உயில் என்றால் அப்படித்தான் இருக்கும்.

இனி நம் பக்கத்து விஷயத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் கசப்பானது.

மூத்த மாணவன் இளைய மாணவனுக்கு எதையும் கொடுப்பதில்லை என்று சொன்னேன். அது முழு உண்மை ஆகாது. நம் நாட்டுக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக ஒன்றைக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அது பயம். எனக்கு என் சீனியர் செய்ததை நான் உனக்குச் செய்கிறேன், நீ உன் ஜூனியருக்குச் செய் என்ற கணக்கு. அதுவும் ஒரு வாரிசுரிமைதான். அந்தக் கணக்கில் உயிர்கள் போனபிறகுதான் தமிழ்நாடு 1997இலும் கேரளம் 1998இலும் ராகிங்குக்கு எதிராகச் சட்டம் போட்டன. சட்டம் வந்தும் ராகிங் நின்றபாடில்லை என்பதைக் கேரளச் செய்தித்தாள் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தால் ஒரு வழக்கத்தைத் தண்டிக்க முடியும். அது இருந்த இடத்தில் வேறொன்றை வைக்கச் சட்டத்தால் ஆகாது. அதை மனிதர்கள்தான் வைக்க வேண்டும்.

செண்ட் ஆஃபே ஆபத்தாக முடிந்த கதையும் நமக்குத் தெரியும். 2025 பிப்ரவரியில் கோழிக்கோடு மாவட்டம் தாமரசேரியில், ஒரு டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரிவு விழா. ஒரு பள்ளிப் பிள்ளைகள் மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போது பாட்டு நடுவில் நின்றுபோனது. வேறு பள்ளிப் பிள்ளைகள் கூவினார்கள். அந்தக் கூவல் மனதில் தங்கிச் சண்டையானது. மார்ச் 1ஆம் தேதி ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் இறந்துபோனான். அந்தப் பிள்ளையின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை; அவன் வீட்டாரின் துக்கம் நம் பேச்சுக்கு உதாரணம் ஆகக்கூடாது. ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஒரு பாட்டு நின்றுபோனதற்குச் சிரித்த சிரிப்பு அது. பதினைந்து, பதினாறு வயதில் அடுத்தவன் தடுமாறும்போது சிரிப்பது எவ்வளவு எளிதாக வருகிறது! தான் தடுமாறியதைத் தானே சொல்லிச் சிரிக்கவைப்பதை நாம் யாராவது அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோமா?

பட்டப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பள்ளிகளில் பட்டப்பெயர் இல்லாத பிள்ளை கிடையாது, பட்டப்பெயர் இல்லாத சார் அறவே கிடையாது. சில ஊர்களில் பிரிவு விழாவிலேயே டைட்டில் என்று அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டுகிறார்கள். அன்போடு வைத்த பட்டப்பெயர் நாற்பது வருஷம் கழித்தும் இனிக்கும். ஆனால் பட்டப்பெயர் அடுத்தவர் வைப்பது. வைக்கிறவர் மேலே நிற்கிறார், வாங்குகிறவர் கீழே நிற்கிறார். கறுப்பு, குட்டை, திக்குவாய், அப்பன் செய்யும் தொழில், இன்னும் கேட்டால் சாதி, எல்லாம் பட்டப்பெயருக்குள் ஒளிந்து வரும். நம் எல்லையோர ஊர்கள் அதற்கு விலக்கல்ல என்பது இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். விளையாட்டு உயிலில் இந்த நிலை தலைகீழாகிறது. இங்கே குற்றத்தைச் சொல்பவன் தன் குற்றத்தைச் சொல்கிறான். அடுத்தவனுக்குக் கொடுப்பதற்காகத் தன்னைக் குனியவைத்துக்கொள்கிறான். அடுத்தவனிடம் இருக்கும் குறையை எடுத்துக் கடைவிரிக்க உயிலில் வழியே கிடையாது, ஏனென்றால் உன்னிடம் இல்லாத சொத்தை நீ எழுதிவைக்க முடியாது.

நான் இதை முதலமடையில் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு.

இங்கே படிக்கிற பிள்ளை சுமக்கிற சுமை திருச்சூரிலோ மதுரையிலோ படிக்கிற பிள்ளைக்கு இல்லை. வீட்டில் தமிழ், சில வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ. பஸ்ஸில் இரண்டும் கலந்த பேச்சு. ஆபீசில் மலையாளம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேட்டிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் கேரளத்து மக்கள் ஆனார்கள். அதே வருஷம் அரசியல் சட்டத்தில் சேர்த்த 350ஏ பிரிவு, சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்றது. இன்றும் எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாள் தமிழிலும் அச்சாகிறது. ஆனால் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளை பிளஸ் ஒன்னில் நுழையும் முதல் நாள் என்ன பாடுபடுகிறது என்று பாடநூலில் எழுதியிருக்காது. அதை அறிந்தவர்கள் ஒரு வருஷம் முன்னால் அதே பாடு பட்டவர்கள்தான். அதாவது, நீங்கள்.

பரம்பிக்குளத்தை நினைத்துப் பாருங்கள். அது நம் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து பஞ்சாயத்து ஆபீசுக்கு வர வேண்டுமானால் மலையிறங்கித் தமிழ்நாட்டுச் சேத்துமடைக்குப் போய், சுற்றிக்கொண்டு மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். சொந்தப் பஞ்சாயத்துக்கு அடுத்த மாநிலம் வழியாக வருகிறவர்கள் அவர்கள். காடர், மலசர், மலைமலசர், முதுவர் வீட்டுப் பிள்ளைகள் அங்கிருந்து கீழே வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும்போது வகுப்பில் முதல் கேள்வி என்ன வரும்? புலியைப் பார்த்திருக்கிறாயா? ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி.

இந்தப் பிள்ளைகள் உயில் எழுதினால் எப்படி இருக்கும் என்று நானே கொஞ்சம் எழுதிப் பார்த்தேன். என் கற்பனைதான்; நீங்கள் இதைவிட நன்றாக எழுதுவீர்கள்.

முதல் உயில்: புலியைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதுப் புலி ஒன்றைச் சொல்லும் என் திறமையை, போன ஜூனில் ஹாஸ்டலுக்கு வந்த ஆறாம் வகுப்புத் தம்பிக்கு எழுதிவைக்கிறேன். இதுவரை பதினொரு புலி சொல்லியாகிவிட்டது. பன்னிரண்டாவதிலிருந்து அவன் தொடங்கலாம். யாராவது நிஜமாகவே காட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லவும். அப்படிக் கேட்பவர்கள் வருஷத்துக்கு ஓரிருவர் வருவார்கள்.

இரண்டாவது: பஸ்ஸில் கிளி என்று நாம் கூப்பிடும் கதவுக்காரர் முறைக்கும்போது முகம் மாறாமல் கன்செஷன் கார்டை நீட்டும் பொறுமையை, கோவிந்தாபுரம் பஸ்ஸில் தினமும் கண் கலங்கி இறங்கும் எட்டாம் வகுப்புத் தங்கைக்கு எழுதிவைக்கிறேன். டிரைவருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது கம்பியும் அவளுக்கே. அந்தக் கம்பியைப் பிடித்தால் பிரேக் போடும்போது விழமாட்டாள். நான் ஐந்து வருஷம் பரிசோதித்துவிட்டேன்.

மூன்றாவது: பிளஸ் ஒன் பிசிக்ஸ் வகுப்பில் ஒரு சொல்லும் புரியாமல், புரிந்தவன் மாதிரி தலையாட்டும் கலை. அடுத்த வருஷம் தமிழ் மீடியத்திலிருந்து வரப்போகும் தம்பிக்கு. நிபந்தனை: மூன்று மாதத்துக்குமேல் இதை அனுபவிக்க அவனுக்கு உரிமை இல்லை. நாலாம் மாதம் கையைத் தூக்கி, புரியவில்லை என்று சொல்ல வேண்டும். நான் சொன்னேன். டீச்சர் திட்டவில்லை.

நாலாவது: உபஜில்லா கலோத்சவக் கலைப்போட்டியில் தமிழ்ப் பத்யம் சொல்லும்போது நடுங்கும் என் முழங்கால்கள் இரண்டையும் ஒன்பதாம் வகுப்பு அம்முவுக்கு. இரண்டு வருஷம் நடுங்கின. இரண்டு வருஷமும் கடைசி அடிவரை சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

ஐந்தாவது, நம் ஊருக்கே உரியது: அடுத்தவர் தோப்பில் கல்லெறிந்து கிளிமூக்கு மாங்காய் விழவைக்கும் குறி, காவல்காரர் சத்தம் போட்டதும் ஸ்டேஷன் ஆலமரம் வரை ஓடும் வேகம், இரண்டும் என் தம்பிக்கு. மருந்தடித்த தோப்பு எது என்ற பட்டியலையும் தனியாக அவனிடம் தருகிறேன், அந்தப் பக்கம் போகக்கூடாது.

கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒவ்வொரு சிரிப்புக்குள்ளும் ஒரு தகவல் இருக்கிறது, பார்த்தீர்களா? எந்தக் கம்பியைப் பிடிப்பது, எந்த மாதம் கை தூக்குவது, எந்தத் தோப்புக்குப் போகக்கூடாது. இதைப் புத்திமதியாகச் சொல்லியிருந்தால் எந்தத் தம்பியும் கேட்டிருக்க மாட்டான். வீட்டிலும் பள்ளியிலும் அவனுக்குப் புத்திமதி ஏற்கெனவே நிறையக் கிடைக்கிறது. முழங்கால் நடுங்கிய அக்கா தன் முழங்காலையே எழுதிவைத்துவிட்டுப் போகிறாள் என்றால், நடுங்குவது தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் இல்லை என்று அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. தைரியமாக இரு என்று நூறு தடவை சொன்னாலும் வராத தெளிவு அது.

எப்படி வாசிப்பது என்று கேட்பீர்கள். அமெரிக்கக்காரர் மாதிரி வக்கீல் குரலில் வாசிக்கலாம். எனக்கு வேறொரு யோசனை இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கத்துப் பொறாட்டு நாடகத்தை உங்கள் தாத்தா பாட்டி பார்த்திருப்பார்கள். பாணர் சமூகத்துக் கலைஞர்கள் இரவு முழுக்க ஆடுவது. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு, பாட்டு, கேலி. ஒரு வேடம் அரங்குக்கு வந்தால் சோத்தியக்காரன் நின்று கேட்பான்: நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய். வேடம் தன்னைப் பற்றித் தானே சொல்லிச் சிரிக்கவைக்கும். இதைவிடப் பொருத்தமான வடிவம் வெளிநாட்டில் எங்கே தேடினாலும் நமக்குக் கிடைக்காது. பிளஸ் ஒன் பையன் ஒருவன் சோத்தியக்காரனாக நிற்கட்டும். நீங்கள் ஒவ்வொருவராக வாருங்கள். நீ யார்? பிளஸ் டூ பி. எங்கே போகிறாய்? கோவைக்கு. என்ன விட்டுவிட்டுப் போகிறாய்? அங்கே உங்கள் உயில். எந்த மொழியில் என்று யாரும் திட்டம் போட வேண்டாம். பொறாட்டுக்காரர்கள் பார்க்காத பேதத்தை நாமும் பார்க்க வேண்டாம். இரண்டு மொழியும் வாயில் வருகிறபடி வரட்டும்.

அமெரிக்கப் பள்ளிகளில் இந்த வழக்கம் கெட்டுப்போன இடங்களும் உண்டு. உள்குத்து வைத்து எழுதினார்கள், ஒருவரை அவமானப்படுத்த உயிலையே கருவியாக்கினார்கள். அதனால் பல பள்ளிகளில் ஆசிரியர் படித்துப் பார்த்த பிறகே அச்சிட்டார்கள், சில பள்ளிகளில் நிறுத்தியே விட்டார்கள். இன்னொரு குறை எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. எல்லோருக்கும் பிடித்த பிள்ளைகளுக்குப் பத்து உயிலில் பங்கு வரும். மூலையில் உட்கார்ந்து யாரோடும் பேசாத பிள்ளையின் பெயர் ஒன்றிலும் இருக்காது. கடைசிப் பெயர் வாசிக்கும்வரை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும். அப்படி ஒரு பிள்ளை போகுமானால் இந்த விழாவே நமக்கு வேண்டாம் என்பேன்.

அதற்கு வழி உண்டு. டீச்சர்மாரே, வருகைப் பதிவேட்டிலிருந்து பிளஸ் ஒன் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். ஒவ்வொரு பிளஸ் டூ பிள்ளையும் ஒரு சீட்டு எடுக்கட்டும். அந்தப் பெயருக்கு ஓர் உயில் கட்டாயம். பிறகு விருப்பப்பட்டவர்களுக்கு எத்தனை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். சீட்டில் வந்த பிள்ளையைத் தெரியாதென்றால் அதுவும் நல்லதுதான். போய்ப் பேசிப் பார்க்க ஒரு மாதம் இருக்கிறது. அந்தப் பையன் எதில் தவிக்கிறான் என்று தெரிந்துகொள்ளாமல் அவனுக்கு எதை எழுதிவைப்பீர்கள்?

எதை எழுதக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் உடம்பு வேண்டாம். சாதி, மதம், வீட்டு வறுமை வேண்டாம். காதல் சமாச்சாரம் வேண்டாம். அது இரண்டு பேர் சம்பந்தப்பட்டது, நீங்கள் ஒருவர் மட்டும் எழுதிவைக்கும் சொத்து இல்லை. சார்மாரைப் பற்றி எழுதலாமா என்று கண்ணாலேயே கேட்கிறீர்கள். எழுதலாம், அவர் முன்னால் நின்று வாசிக்க முடியுமானால். மொபைலில் யாரும் வீடியோ எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வகுப்புக்குள் பிறந்த சிரிப்பு வெளியே போனால் வேறு ஆளுடைய கையில் வேறு ஆயுதமாகிவிடும். காகிதத்தில் எழுதி வாசியுங்கள். எழுதியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிப் பள்ளி நூலகத்தில் வையுங்கள்; அடுத்த வருஷம் எழுதுகிறவர்களுக்கு அது மாதிரி ஆகும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பரீட்சை நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஓர் உயில் எழுத ஒரு மாலை நேரம் போதும். அந்த மாலையில் உங்கள் பிள்ளை தன் ஏழெட்டு வருஷத்தைத் திரும்பிப் பார்த்து, எதில் தோற்றேன், எப்படிச் சமாளித்தேன் என்று ஒரு பக்கத்தில் எழுதும். கல்லூரி ஹாஸ்டலில் முதல் மாதம் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பக்கம் அதற்கே உதவும். நாளைக்கு அந்தப் பிள்ளை சீனியராக நிற்கும் இடத்தில், புதிதாக வருகிற பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் இது ஒரு பழக்கம் ஆகும்.

சாட்சிகள் விஷயம் பாக்கி இருக்கிறது. சட்டப்படி இரண்டு பேர் வேண்டும் என்று சொன்னேன். ஒரு சாட்சி வகுப்பு டீச்சர். இன்னொரு சாட்சியாக, பள்ளியில் சத்துணவு சமைக்கிற அக்காவைக் கூப்பிடுங்கள். எட்டாம் வகுப்புவரை உங்களுக்குச் சோறும் பயறும் விளம்பியவர். யார் பயறை ஒதுக்கினார்கள், யார் இரண்டாம் தடவை கேட்கக் கூச்சப்பட்டார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். உயிலில் யாராவது பொய் எழுதினால் அவர் பிடித்துவிடுவார். மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, கையெழுத்துப் போடப் பேனா கொடுங்கள்.

செண்ட் ஆஃப் தேதி இன்னும் முடிவாகவில்லை என்று பிரின்சிபல் சொன்னார். தேதி முடிவாவதற்கு முன்னால் சீட்டுக் குலுக்கல் நடந்துவிட வேண்டும். பிளஸ் ஒன் பெயர்ப் பட்டியலை நாளைக்குக் காலையில் முதல் பீரியடிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் இரண்டு பேராகச் சேர்ந்து போங்கள், கண்ணுகளா.